மூட்டை விழுந்த திசை

எங்கள் காப்பகத்தில், தரை ஏன் ஆடியது என்பதற்குப் பத்து வகைகள் உண்டு. முதலாவது நிலநடுக்கம். பிறகு எரிமலை, குவாரி வெடி, பாலத்தில் போகிற லாரி என்று இறங்கிக்கொண்டே போகும். பத்தாவது, உருளைக்கிழங்கு.

பத்தாவது வகையை உண்டாக்கியவள் நான். ரெய்க்யாவிக்கில், நாட்டில் தரை ஆடியதையெல்லாம் சேர்த்து வைக்கும் ஒரு மையத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பெயர் ஸ்வாலா. பண்ணைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் எங்கள் பெட்டிகள் தரையில் திருகப்பட்டிருக்கும். தரை ஆடினால் எந்தத் திசையில் எவ்வளவு ஆடியது என்று அளந்து அனுப்பும். நான் அதைச் சுத்தம் செய்து, காரணம் எழுதி, அடுக்கி வைப்பேன். உலகத்தின் எந்த மூலையிலிருக்கும் ஆராய்ச்சியாளரும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். எடுத்துப் பார்த்தவர்கள் யாரும் நன்றி சொல்லி எழுதியதில்லை. தப்பு இருந்தால் எழுதுவார்கள்.

மோஹோல்ட் என்பது தென்சமவெளியில் ஒரு ஆட்டுப் பண்ணை. அதன் நிலவறையில் இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பெட்டியை வைத்தோம். வைத்த அந்த இலையுதிர் காலத்திலேயே அது தொந்தரவு கொடுக்க ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒருமுறை பட்டப்பகலில் ஒரு சின்ன அதிர்ச்சி. பக்கத்துப் பண்ணையில் இருக்கும் பெட்டிக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. பண்ணைக்காரர் பெர்கூருக்குப் போன் செய்து கேட்டேன்.

"உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கறேன். அதுவா இருக்கும்," என்றார்.

"போடும்போது ஒரே இடத்துல போட முடியுமா? எனக்கு அடையாளம் தெரியும். முடிஞ்சா நேரத்தையும் சொல்லுங்க."

நான் வேலைக்குப் புதிது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்றிருந்த வயது. அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து மூட்டை விழுந்தால் போன் வரும்.

"ஸ்வாலா? பெர்கூர், மோஹோல்ட்லேருந்து."

"சொல்லுங்க பெர்கூர்."

"பத்து பதினாலுக்கு மூட்டை விழுந்துச்சு. நிலநடுக்கம் இல்ல."

"பாத்தேன். எழுதிக்கறேன்."

"அங்க மழையா?"

"பக்கவாட்டுல அடிக்குது."

"இங்கயும்தான். நாளைக்குத் தெற்கே வர்றேன். பல் டாக்டர்."

"பல் வலியா?"

"வலியெல்லாம் இல்ல. அவர் தேதி கொடுத்துட்டார்."

"சரி."

"சரி."

தெற்கே என்றால் ரெய்க்யாவிக். அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பல் டாக்டரைப் பார்க்க வந்தவர் என் அலுவலகத்தை எட்டிப் பார்த்ததில்லை. கார் நிறுத்த இடமில்லை என்று ஒருமுறை சொன்னார். எங்கள் அலுவலகத்தைச் சுற்றி அறுபது கார்கள் நிறுத்தலாம்.

இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு மூட்டைகள். நடுவில் எனக்கு ஒரு திருமணம் நடந்து, ஏழு ஆண்டுகள் நீடித்து, பெரிய அதிர்வு எதுவும் இல்லாமல் முடிந்தது. அவருக்குத் திருமணம் ஆகவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்பதற்குப் பட்டியலில் இடமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, ஜூனில், பேட்டரி மாற்ற மோஹோல்ட்டுக்குப் போவேன். பேட்டரி மாற்றப் பத்து நிமிடம் ஆகும். பிறகு சமையலறையில் காபியும் கிளைனுரும். கிளைனுர் என்பது முறுக்கி எண்ணெயில் பொரித்த பணியாரம். அதைக் கடையில் வாங்கினாரா, தானே செய்தாரா என்று இருபத்து நான்கு ஆண்டுகளாக எனக்கு ஒரு சந்தேகம். மூன்று மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்புவேன். பேட்டரி மாற்ற மூன்றரை மணி நேரம் என்று பயண அறிக்கையில் எழுதுவேன்.

போன செப்டம்பர் கடைசியில் இத்தாலியிலிருந்து பியாமெத்தா என்கிற ஆராய்ச்சி மாணவி எழுதினாள். பதினேழு ஆண்டுகளுக்கு முன்னால் தென்சமவெளியைக் குலுக்கிய அந்தப் பெரிய நிலநடுக்கத்தைப் பற்றித்தான் அவள் ஆய்வு. மோஹோல்ட், அப்போது பூமி பிளந்த கோட்டுக்கு மிக அருகில் இருந்த நிலையம். அதன் பதிவு போல நெருக்கத்தில் எடுத்த பதிவு அந்த ஆட்டத்துக்கு வேறு கிடையாது. அவள் கடிதம் சுருக்கமாக இருந்தது. சுற்றியுள்ள பதினொரு நிலையங்களில் தரை ஒரு திசையில் ஆடியிருக்கிறது, மோஹோல்ட்டில் மட்டும் வேறு திசையில் ஆடியிருக்கிறது, ஒன்று பூமி தப்பு, அல்லது உங்கள் பெட்டி தப்பு, தயவுசெய்து தெரிவிக்கவும்.

எங்கள் மையத்தின் தலைவர் ஹியால்டி. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன். கூட்டங்களுக்குத் தவறாமல் போனதால் தலைவரானான். கடிதத்தைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தான்.

"ஸ்வாலா, மோஹோல்ட்டைத் தூக்கிடலாம்."

"தூக்கறதுன்னா?"

"ஐரோப்பாப் பொதுக் காப்பகத்துல நம்ம சரக்கெல்லாம் போய்ச் சேருது இல்ல? திங்கக்கிழமை கடைசி நாள். திசை சந்தேகம்னு இருந்தா, 'பயன்படுத்த வேண்டாம்'னு முத்திரை குத்திடுவாங்க. முத்திரை விழுந்த இடத்துல பெட்டி எதுக்கு? கழட்டிட்டு வந்துரு. துறைமுகத்துல ஒண்ணு கேட்டுட்டே இருக்காங்க."

"இருபத்து நாலு வருஷப் பதிவு, ஹியால்டி."

"அதுல பாதி உருளைக்கிழங்கு."

"பாதியெல்லாம் இல்ல. மூணுல ஒரு பங்கு."

"அதையெல்லாம் அழிக்கச் சொல்லிப் பத்து வருஷமா சொல்றேன்."

"காரணம் தெரிஞ்ச ஆட்டத்தை அழிக்கக் கூடாது. நம்ம விதி."

"விதியை எழுதினவ நீதானே?"

"அதனாலதான் எனக்கு நல்லாத் தெரியும்."

அவன் போன பிறகு மோஹோல்ட் போனால் எனக்கு என்னென்ன போகும் என்று யோசித்தேன். உலகத்துக்கு ஒரு நல்ல பதிவு போகும். எனக்கு ஜூன் மாதம் போகும். போன் போகும். பெட்டி இல்லாத வீட்டில் மூட்டை விழுந்தால் அதை யாருக்கும் தெரிவிக்க வேண்டியதில்லை. காரணமில்லாமல் ஒருவர் வீட்டுக்கு நூறு கிலோமீட்டர் காரோட்டிப் போய்க் கதவைத் தட்டுகிற பழக்கம் எங்களிடம் கிடையாது. தட்டினால் யார் செத்தது என்று கேட்பார்கள்.

பெர்கூருக்குப் போன் செய்தேன். மூட்டை விழாமல் நான் அவருக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"என்ன ஆச்சு?" என்றார் உடனே.

"ஒண்ணும் ஆகல. பெட்டியைக் கழட்ட வேண்டி வரும்போல இருக்கு. திசை சரியா இல்லைன்னு சந்தேகம்."

பின்னால் அவர் நாய் குரைத்தது.

"சரி," என்றார்.

"உங்களுக்கு நிலவறைல இடம் கிடைக்கும்."

"இடம் இருக்கு."

"வியாழக்கிழமை வந்து முதல்ல அளந்து பாக்கறேன். அப்புறம் முடிவு."

"வியாழக்கிழமை வாங்க. காத்து கம்மியா இருக்கும்."

அந்தச் 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகளாக அவர் சொன்ன சரிகளை எல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. அதனால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வியாழக்கிழமை போகிற வழியில் கணவாய் முழுக்கப் பனிமூட்டம். இறங்கினதும் தெளிந்துவிட்டது. ஆடுகளை மலையிலிருந்து இறக்கிப் பிரித்து முடித்த வாரம். வேலிக்குள் எல்லாம் கத்திக்கொண்டிருந்தன. பெர்கூர் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். நெடிய ஆள், ஐம்பத்திரண்டு வயது, அதே பழுப்புக் கம்பளிச் சட்டை, முழங்கை மட்டும் புதிதாகப் பின்னி ஒட்டியிருந்தது.

"அக்டோபர்ல நீங்க வந்ததே இல்ல," என்றார், நான் ஏதோ தேதியைத் தவறவிட்டதுபோல.

செயற்கைக்கோள்களைக் கேட்டுத் திசை சொல்லும் கருவி ஒன்று இப்போது எங்களிடம் இருக்கிறது. அதை முற்றத்தில் நிறுத்தி, அங்கிருந்து நிலவறைச் சன்னல் வழியாக ஒரு நூலை இழுத்துக் கட்டி, கோணத்தை உள்ளே இறக்கினேன். பெட்டியின் மேல் வடக்குக் குறி இருக்கும். பின்பக்கம் கேபிள் செருகும் வாய். வடக்குக் குறி வடக்கைப் பார்க்கவில்லை. கிழக்கைத் தாண்டி நின்றது. நூற்றுப் பத்து பாகை பிசகு. கொஞ்சம் நஞ்சம் கோணல் என்றால் கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இது வேண்டுமென்று வைத்ததுபோல இருந்தது.

வைத்தவள் நான்தான்.

அந்த நாளை நினைத்துப் பார்த்தேன். மழை. சூரியன் இல்லை. மலையும் தெரியவில்லை. காந்த ஊசி அங்கே உதவாது. எரிமலைப் பாறைமேல் அது தன் இஷ்டத்துக்குச் சுற்றும், சுவரில் இரும்புக் கம்பி வேறு. என் கையில் இருந்த குறிப்புத் தாளில் 'கேபிள் வாய் தெற்கு நோக்கி இருக்க வேண்டும்' என்று அச்சிட்டிருந்தது. படிக்கட்டில் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். அந்த வீட்டிலேயே பிறந்தவர். அவரைக் கேட்டேன்.

இப்போதும் அதே படிக்கட்டில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"பெர்கூர், அன்னைக்கு உங்ககிட்ட தெற்கு எந்தப் பக்கம்னு கேட்டேன். ஞாபகமிருக்கா?"

"இருக்கு."

"எங்க காட்டினீங்க?"

யோசிக்காமல் கையை நீட்டினார். சுவருக்கு அப்பால் முற்றம், முற்றத்துக்கு அப்பால் பெரிய சாலை, அந்தச் சாலை ஏறுகிற கணவாய், கணவாயைத் தாண்டினால் ரெய்க்யாவிக். கேபிள் வாய் அவர் விரலுக்கு நேராக இருந்தது.

"அது மேற்கு," என்றேன். "மேற்குக்கும் கொஞ்சம் வடக்கே."

"ஆமா."

"நான் தெற்கு கேட்டேன்."

"தெற்குதான் காட்டினேன். அப்படித்தானே தெற்கே போவாங்க."

"நிஜமான தெற்கு எதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். கடல் இருக்கற பக்கம். அதை யார் கேட்டா?"

நான் குந்தியிருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் நகரத்துக்காரிதான், ஆனால் தெற்கே போகிறேன், கிழக்கே வருகிறேன் என்கிற பேச்சைக் கேட்டு வளர்ந்தவள்தான். அவர் வாயிலிருந்தே நூறு தடவை கேட்டிருக்கிறேன். உலகத்தில் முப்பது நாடுகளில் ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பதிவை வைத்துக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எல்லாருடைய தெற்கும், ஒரு ஆட்டுப் பண்ணைக்காரர் பல் டாக்டரைப் பார்க்கப் போகிற தெற்கு.

"நீங்க வேற ஏதோ கேக்கறீங்கன்னு நெனச்சேன்," என்றார் பெர்கூர்.

"என்ன?"

"ஊருக்குப் போறதுக்கு வழி கேக்கறீங்கன்னு. வந்து அரை மணி நேரம்கூட ஆகல. காபி இன்னும் வெக்கல. அதுக்குள்ள கேட்டுட்டாங்களேன்னு ஒரு மாதிரியா இருந்துச்சு." விளக்கை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார். "மழை வேற பெஞ்சுது."

நான் வடக்குக் குறியைத் துணியால் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

மேலே வந்து ஹியால்டிக்குப் போன் செய்தேன். நூற்றுப் பத்து பாகை, காரணம் தெரிந்துவிட்டது, ஆவணத்தில் எண்ணைத் திருத்தினால் போதும், பதிவு பிழைத்துவிடும் என்றேன்.

"இன்னைக்கு நூத்திப் பத்து. பதினேழு வருஷத்துக்கு முன்னாடி?" என்றான்.

"பெட்டி அப்படியேதான் இருந்திருக்கு."

"அந்த ஆட்டத்துல அங்க தளம் வெடிச்சுது. உன் அறிக்கையிலேயே இருக்கு. அவர் சிமெண்ட் பூசியிருக்கார். பூசும்போது பெட்டியைக் கழட்டி, திரும்ப வேற மாதிரி வெச்சிருந்தா?"

போனைக் கையால் மூடிக்கொண்டு பெர்கூரைக் கேட்டேன். "சிமெண்ட் பூசும்போது பெட்டியைத் தொட்டீங்களா?"

"தொடல. சுத்திப் பூசினேன். தொடக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க."

"தொடலையாம்," என்றேன் ஹியால்டியிடம்.

"நல்லது. 'தொடலையாம்'னு எழுத ஐரோப்பாப் படிவத்துல எந்தக் கட்டம் இருக்கு? சாட்சி வேணும் ஸ்வாலா. பதிவு வேணும். திங்கக்கிழமை."

போனை வைத்தேன். பெர்கூர் கிளைனுர் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். ஒரு பக்கம் கொஞ்சம் கருகியிருந்தது. கடையில் கருகினதை விற்க மாட்டார்கள். இருபத்து நான்கு ஆண்டுச் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் அதைக் கொண்டாடும் நிலையில் நான் இல்லை.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"மூட்டையை எங்க போடுவீங்க?"

"நீங்க சொன்ன இடத்துல."

"நான் எந்த இடமும் சொல்லலையே. ஒரே இடத்துலன்னு சொன்னேன்."

"அதான். படிக்கட்டுக் கீழ, வெள்ளை பெயிண்ட்ல ஒரு வட்டம் போட்டிருக்கேன். அதுக்குள்ளதான் போடுவேன்."

"எப்பவுமா?"

"ஒருதடவை விளிம்புல விழுந்துச்சு. சொன்னேனே. எழுதலையா நீங்க?"

எழுதியிருந்தேன். மூட்டை விழும்போது தரை முதலில் எந்தப் பக்கம் தள்ளப்படுகிறது என்பதைப் பெட்டி பதிந்திருக்கும். விழுந்த இடம் என்றும் ஒன்றே. பெட்டி திரும்பியிருந்தால் தள்ளின திசையும் திரும்பித் தெரியும். ஆட்டத்துக்கு முன்னால் ஏழு ஆண்டு மூட்டைகளும் பின்னால் பதினேழு ஆண்டு மூட்டைகளும் ஒரே திசையைக் காட்டினால், பெட்டி அசையவில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி ஐரோப்பாவில் கிடைக்காது. ஹியால்டி அழிக்கச் சொன்ன குப்பை அது.

"வாங்க, ஒரு மூட்டையைப் போட்டுக் காட்டுங்க. முன்னாடி நின்னு பாத்துக்கறேன்."

பெர்கூர் எழுந்திருக்கவில்லை. அவர் தயங்கி நான் பார்த்ததில்லை. தயங்குகிற அளவுக்கு எதையும் நான் கேட்டதுமில்லை.

"இப்பவேயா?"

"இப்பவே."

நிலவறையில் பெயிண்ட் டப்பாக்கள் இருந்தன. குதிரைச் சேணம், ஜாம் பாட்டில்கள், உடைந்த நாற்காலி ஒன்று. மூலையில் ஒரே ஒரு மூட்டை. அக்டோபர் மாதம். கிழங்கு தோண்டி முடித்து நிலவறை நிறைந்திருக்க வேண்டிய காலம்.

"மத்த மூட்டையெல்லாம் எங்க?"

"இல்ல."

"வித்துட்டீங்களா?"

"இந்த வருஷம் கிழங்கு போடல."

"போன வருஷம்?"

"போடல. இடுப்பு."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அதையும் சேத்தா மூணு."

நான் மடிக்கணினியைத் திறந்தேன். இது குறுக்கு விசாரணைக்குத் தோதான இடமில்லை. இருந்தாலும் வேலை என்று வந்துவிட்டால் எனக்கு இடம் பொருள் பார்க்கத் தெரியாது.

"செப்டம்பர் பன்னெண்டு, காலைல பதினொண்ணு இருபது. என்ன விழுந்துச்சு?"

"மூட்டை."

"என்ன மூட்டை?"

"மணல்."

"ஜூலை பதினெட்டு?"

"அதே மணல்தான்." மூட்டையைக் காலால் லேசாகத் தொட்டார். "இருபத்தஞ்சு கிலோ. தராசுல நிறுத்துப் போட்டது. எடை மாறினா உங்க கணக்கு கெட்டுடும்னு."

"ஜூன்ல நான் வந்தப்போ இது இங்க இல்லையே?"

"ஜூன்ல லாயத்துல வெச்சுடுவேன்."

கணினியில் எண்ணிப் பார்த்தேன். கிழங்கு இருந்த காலத்தில் விழுந்தவை நூற்று நாற்பத்தொன்று. கிழங்கு நின்ற பிறகு எழுபத்தொன்று. கிழங்கு இல்லாமல் போனதும் மூட்டை விழுவது நான்கு மடங்கு கூடியிருந்தது. ஒன்றுவிட்டு ஒரு வியாழக்கிழமை. ஜூலையில் உருளைக்கிழங்கு மூட்டை எங்கிருந்து வரும் என்று நான் கேட்டதே இல்லை. நகரத்தில் வளர்ந்தவளுக்குத் தெரியவில்லை என்று சொல்லலாம். கேட்டால் நின்றுவிடுமோ என்று கேட்கவில்லை என்றும் சொல்லலாம்.

"போடுங்க," என்றேன்.

பெர்கூர் மூட்டையைத் தூக்கி, மூன்று படி ஏறி, திரும்பி, வெள்ளை வட்டத்துக்குள் போட்டார். நல்ல பயிற்சி. பெட்டியில் பச்சை விளக்கு ஒருமுறை கண்சிமிட்டியது.

"பன்னெண்டு நாப்பத்தி மூணு," என்றார், கைக்கடிகாரத்தைப் பார்த்து. போன் இல்லாமல் நேரில் சொன்னதால் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டார்.

அந்த மதியம் முழுக்கச் சமையலறை மேசையில் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஆட்டத்துக்கு முன்னால் ஐம்பத்தெட்டு. பின்னால் மிச்சமெல்லாம். தரை தள்ளப்பட்ட திசை எல்லாவற்றிலும் ஒன்று. விளிம்பில் விழுந்த அந்த ஒன்றுகூட அதற்குரிய அளவுக்குத்தான் விலகியிருந்தது. வெள்ளை வட்டத்திலிருந்து பெட்டிக்கு நூல் பிடித்து அளந்த உண்மைத் திசைக்கும் பெட்டி சொன்ன திசைக்கும் நூற்றுப் பத்து பாகை, முதல் நாளிலிருந்து. பெட்டி அசையவில்லை. பெரிய ஆட்டத்தின் பதிவை நூற்றுப் பத்து பாகை திருப்பிப் பார்த்தேன். பக்கத்துப் பதினொரு நிலையங்களோடு ஒழுங்காகப் போய் நின்றது.

பெர்கூர் நடுவில் மூன்று தடவை காபி ஊற்றினார். நாய் என் காலில் தலையை வைத்துத் தூங்கியது. ஆடுகள் கத்திக் களைத்து அடங்கின.

"தேறிடுச்சா?"

"தேறிடுச்சு. பெட்டி இங்கயே இருக்கும்."

"அப்போ சரியான தெற்குக்குத் திருப்பிடுவீங்க."

"இல்ல. திருப்பினா பழைய பதிவுக்கும் புதுசுக்கும் ஒட்டு இல்லாம போயிடும். பெட்டியைத் தொடக் கூடாது. ஆவணத்துல எண்ணை மட்டும் மாத்தணும்."

"அப்போ அது அந்தப் பக்கமேதான் பாத்துட்டிருக்கும்."

"பாத்துட்டே இருக்கட்டும்."

அவர் தலையாட்டினார். எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த ஒரு கோப்பையை மறுபடி கழுவினார்.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. கடைசி எழுபத்தொன்றுக்குக் காரணம் உருளைக்கிழங்கு என்று நான் எழுதியிருந்தது பொய். அதைத் திருத்தாமல் அனுப்ப என்னால் முடியாது. 'மணல் மூட்டை' என்று மாற்றினேன். ஐரோப்பாப் படிவம் அதை ஏற்றுக்கொண்டு, இன்னொரு கட்டத்தைத் திறந்தது. மனிதர்கள் வேண்டுமென்றே உண்டாக்கும் அதிர்வுக்கு நோக்கம் எழுத வேண்டும். காலியாக விட்டால் சிவப்பாகிவிடும்.

"பெர்கூர், நோக்கம்னு ஒரு கட்டம் இருக்கு."

"எதோட நோக்கம்?"

"மணல் மூட்டையைப் போட்டதோட நோக்கம். நான் ஊகம் பண்ணி எழுதக் கூடாது. செஞ்சவரைக் கேக்கணும். விதி."

அவர் சன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தார். சாலையில் பார்க்க ஒன்றுமில்லை.

"போன் பண்ணறதுக்கு," என்றார்.

நான் தட்டச்சு செய்தேன். நோக்கம்: தொலைபேசியில் பேச. கட்டம் பச்சையானது. எழுபத்தொரு பதிவுகளுக்கும் அதை நிரப்பட்டுமா என்று கணினி கேட்டது. ஆம் என்றேன்.

கிளம்பும்போது கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அடுத்தது இருபத்தி நாலாம் தேதி வருது. பத்து மணிக்கு மேல போடலாம்னு இருக்கேன்."

"இனிமே மூட்டை போட வேண்டாம். இடுப்பு வலி வெச்சுக்கிட்டு. சும்மா போன் பண்ணுங்க."

"சும்மாவா?"

"சும்மா."

அவருக்கு அது யோசிக்க வேண்டிய விஷயமாக இருந்தது. "சும்மா பண்ணா எப்படி ஆரம்பிக்கறது?"

"மழையான்னு கேளுங்க."

"அது நடுவுல கேக்கறது."

"அதையே முதல்ல கேளுங்க."

கணவாய் ஏறி முடிப்பதற்குள் போன் அடித்தது. காரை ஓரம் கட்டி எடுத்தேன்.

"அங்க மழையா?" என்றார்.

திங்கட்கிழமை ஹியால்டி படிவத்தைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தான்.

"ஸ்வாலா, இது ஐரோப்பா முழுக்கப் போகுது."

"தெரியும்."

"'நோக்கம், தொலைபேசியில் பேச.' எழுபத்தொரு தடவை."

"செஞ்சவர் சொன்னது. ஊகம் இல்ல."

"யார்கூடப் பேசன்னு கட்டம் இல்லையா?"

"இல்ல."

"ஐரோப்பாக்காரங்களுக்கு அந்த அளவுக்கு அறிவு பத்தல," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

மோஹோல்ட் முத்திரை இல்லாமல் தப்பித்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பியாமெத்தாவின் கட்டுரை வந்தது. அடிக்குறிப்பில் எனக்கும், 'மோஹோல்ட்டின் திரு. பெர்கூருக்கும் அவருடைய மூட்டைகளுக்கும்' நன்றி சொல்லியிருந்தாள். என் காப்பகத்துக்கு வந்த முதல் நன்றி அது. அச்செடுத்துப் பெர்கூரிடம் கொடுத்தேன். நிலவறையில், பெட்டிக்கு மேலே சுவரில் ஒட்டினார்.

மார்ச் மாதம் அவள் மறுபடி எழுதினாள். அக்டோபருக்குப் பிறகு மோஹோல்ட்டில் மூட்டைகள் முற்றிலும் நின்றுவிட்டன. அதற்குப் பதிலாக வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு மதியம் வரை, வாரம் தவறாமல், படிக்கட்டுப் பக்கம் இரண்டு பேர் நடக்கிற அதிர்வு தெரிகிறது. ஒருவர் கனமானவர், ஒருவர் இல்லை. கருவி பழுதாகிவிட்டதா?

கருவி நன்றாக இருக்கிறது, மூட்டைகளின் நோக்கம் நிறைவேறிவிட்டது என்று பதில் எழுதினேன்.

இந்த மே மாதம் மோஹோல்ட்டில் மறுபடி உருளைக்கிழங்கு போட்டிருக்கிறோம். குழி வெட்டுவது நான், குனியாமல் நின்று குறை சொல்வது அவர். செப்டம்பரில் உண்மையான மூட்டைகள் விழும் என்று ஹியால்டியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டேன். எந்த வகையில் எழுதப்போகிறாய் என்று கேட்டான். பத்தாவது வகை, உருளைக்கிழங்கு, நோக்கம் சாப்பிட, என்றேன்.